மேய்ச்சல் அனுமதிச் செயலியின் பொத்தான் பங்கீடு

மலைநாட்டுத் தலைநகரான பிஷ்கெக்கிலுள்ள மேய்ச்சல் நிலத் துறை, இடையர்களின் நலனை முன்னிட்டுக் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கத் தீர்மானித்தது. கோடை மலைக்கு மந்தையை ஏற்ற, இனிச் செயலி வழங்கும் அனுமதியே செல்லும். காகிதச் சீட்டு அன்றே ஒழிக்கப்பட்டது. யோசனை சொல்ல இருபது அதிகாரிகளும், அந்த யோசனைகளை நிரலாக எழுதி முடிக்க பெர்மெத் என்ற ஒரே பெண்ணும் நியமிக்கப்பட்டனர். பெர்மெத்தின் அண்ணன் ஜானிஷ், முன்னூறு ஆடுகளுடன் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நின்றிருந்தான்.

விருந்தில் ஆட்டெலும்பை வயதுக்கும் பதவிக்கும் தக்கபடி பகிர்வதே அங்கு மரியாதை. திரையையும் அதிகாரிகள் அவ்வண்ணமே பகிர்ந்துகொண்டனர். இயக்குநருக்கு முகப்பு, துணை இயக்குநருக்கு வானிலைப் பொத்தான், மூத்த ஆலோசகருக்கு, அழுத்தினால் மலைக்காற்று வீசும் ஓசை. கடைசி எழுத்தர்வரை எவர் மனமும் கோணவில்லை.

"ஐயா, அனுமதி கேக்குற பட்டன் எங்க?" என்றாள் பெர்மெத்.

"அது யாரோட யோசனைம்மா?" என்றார் இயக்குநர் துர்துபெக்.

"யாரோடதும் இல்ல. அதுக்குத்தானே இந்தச் செயலியே!"

"சொந்தக்காரன் இல்லாத பட்டனுக்கு யாரும்மா கையெழுத்துப் போடுவா? நீ இருபதையும் எழுது. யோசிக்கிறதுதான் கஷ்டம். செய்யிறது வெறும் தட்டச்சு."

எழுதினாள். செயலி சிறப்பாக வெளியிடப்பட்டது. மறுநாள் ஜானிஷ் அழைத்தான்.

"தங்கச்சி, சாவடிக்காரன்கிட்ட உன் செயலியக் காட்டுனேன். காத்துச் சத்தம் பிரமாதம்னான். வழிதான் விடல. இங்க புல்லு தீந்துபோச்சு. ஆடெல்லாம் என் தொப்பியவே பாக்குது."

பெர்மெத் உடனே மனு எழுதினாள்: அனுமதிப் பொத்தான் என்பது என் சொந்த யோசனை.

குழு மெய்சிலிர்த்தது. அவள் தோளில் சரிகை அங்கி போர்த்தி, யோசனைப் பிரிவின் இருபத்தோராவது அதிகாரியாக உயர்த்தியது.

"நன்றிங்கய்யா. பட்டன எழுதிரட்டுமா?"

"அதிகாரி கையால வேலை செய்யலாமாம்மா? ஆளு எடுப்போம். எப்படி எடுக்கலாம்னு யோசனை சொல்லு."

புதிய அறையில் கம்பளம் இருந்தது, கணப்பு இருந்தது, கேட்காமலே தேநீர் வந்தது. ஒரு நிமிடம்தான் உட்கார நினைத்தாள். நான்கு நாள் ஆயிற்று.

"பட்டன் வந்துச்சா, தங்கச்சி? பசியில பதினேழு ஆடு போயிருச்சு."

"அது இப்ப என் பிரிவு இல்லண்ணே."

"அப்ப எனக்கு ஒரு யோசனை. நீயே உக்காந்து எழுதித் தொலையேன்!"

பெர்மெத் பேனாவைத் திறந்து, உரிய மரியாதையுடன் குறித்துக்கொண்டாள்: யோசனை எண் இருபத்திரண்டு, பரிசீலனையில் உள்ளது.

"நல்ல யோசனைண்ணே," என்றாள். "வேற ஏதாவது இருக்கா?"