சிவப்பு டிரேயும் என் கேள்வித்தாளும்

கேள்வி கேட்கிறவன்தான் புத்திசாலி என்று நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே காலையில் தெளிந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. வேலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த பாவத்துக்கு அதற்கு நானே பொறுப்பு. ஏசி அறை, கண்ணாடிக் கதவு, ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று பலகை. (ஷூ கம்பெனியில் ஷூவுக்கு அனுமதி இல்லை! எழுதி மாட்டியது அடியேன்தான்.)

புரோகிராம் எழுத ஆள் எடுக்கச் சொன்னார் முதலாளி.

“ஆளு சரியா அமையலன்னா கம்ப்யூட்டர திருப்பி அனுப்பிடுவேன். நீயும் பழையபடி குடோன்ல அட்டப்பெட்டி ஒட்டு. எனக்கு இந்த பேஜாரே வேணாம்.”

அட்டைப்பெட்டி பயத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து கேள்விகள் தயாரித்தேன். கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர் யார்? ரேம் என்பதன் விரிவாக்கம் என்ன? எழுதிவிட்டு நானே மீசையைத் தடவிக்கொண்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். வாசல் அலங்கோலமாக இருக்கக் கூடாதே என்று, ஷூக்களைத் தரம் பார்க்கும் செக்கிங் பக்கம் காலியாகக் கிடந்த ஒரு சிவப்பு டிரேயைத் தூக்கி வந்து வைத்திருந்தேன். மூவருடைய காலணியும் அதில்தான். என் புது ஷூவும்தான். முதலாளி மட்டும் ஷூவோடே உள்ளே வந்துவிட்டார்.

“ரேம் என்றால்...” என்று ஆரம்பித்தேன். மூவரும் கோரஸாக முடித்தார்கள். எதைக் கேட்டாலும் அதே கதை. விசாரித்தால், மூவரும் நான் படித்த அதே இன்ஸ்டிட்யூட்! என் கேள்விகள் எல்லாம் அங்கே கொடுத்த நோட்ஸிலிருந்து சுட்டவை. மூவருக்கும் முழு மதிப்பெண்.

“இன்னாப்பா இது? இதுல யார எடுக்கறது?” என்றார் பக்கத்திலிருந்த முதலாளி. ஏசியிலும் எனக்கு வியர்த்தது.

அப்போது வெளியே ‘சரக், சரக்’ என்று சத்தம். கதவைத் திறந்தால், செக்கிங் கன்னியப்பண்ணன் கையில் கத்தி. டிரேயில் இருந்த அத்தனை ஜோடியும் குறுக்கே கிழிந்து கிடந்தது. ரிஜெக்ட் ஆன ஷூ கடைக்குப் போய்விடாமல் இருக்க, கத்தியால் கீறிவிடுவது எங்கள் கம்பெனி வழக்கம்.

“மாமா வாங்கிக் குடுத்த ஷூ சார்!” என்று ஒரு பையன் அழவே ஆரம்பித்துவிட்டான். இன்னொருவன் போலீஸுக்குப் போவேன் என்றான். குடியாத்தத்திலிருந்து வந்த சாந்தி என்கிற பெண் மட்டும் வெறுங்காலோடு கேட்டாள்:

“அண்ணே, இது ரிஜெக்ட்டுன்னு எப்டி முடிவு பண்ணீங்க?”

“செவப்பு டிரேல இருந்தா ரிஜெக்ட்டும்மா. வேற எதையும் பாக்கறதில்ல.”

“அப்ப உங்க மேல தப்பில்லண்ணே.” என் பக்கம் திரும்பினாள். “சார், செவப்பு டிரேய இங்க வச்சது யாரு?”

நான் மின்விசிறியை ஆராய்ந்தேன். (ஏசி அறை வாசலில் மின்விசிறியே கிடையாது.)

“இந்தப் பொண்ண இன்னைக்கே சேத்துக்கோ. மூணு பேருக்கும் புது ஜோடி குடு” என்றார் முதலாளி.

“எனக்கு சார்?”

“நீ இப்டியே நட.”

ஆம்பூர் வெயிலில் வெறுங்காலோடு வீடு போனேன். சாந்தி தயவில் அட்டைப்பெட்டியிலிருந்து தப்பினேன். இரண்டே வருஷத்தில் அவர் எனக்கே மேலதிகாரி.

இன்று என் மகள் சென்னையில் சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இன்டர்வியூ எடுக்கிறாள். இந்தக் கதையைச் சொல்லி, ‘தப்பு எங்கே நடந்தது?’ என்று கேட்பாளாம்.

“இன்னா சொல்றாங்க?” என்றேன் பெருமையோடு.

“டிரேம்பாங்க, பலகைம்பாங்க. ஆனா கடைசியில எல்லாரும் ஒரே கேள்விதாம்பா கேக்கறாங்க. டிரேய அங்க வச்ச அந்தாள வேலைக்கு எடுத்தது யாருன்னு!”