அவர்களே அண்ணனின் ஐந்து நிமிடம்

ஜொகூர் மாநிலத்திலேயே ஒரு ரொட்டி சானாய் கேட்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட மனிதர் ஒருவர்தான். தெப்ராவில் நாங்கள் சேர்ந்து குடியிருந்த வாடகை வீட்டில் அவருக்கு 'அவர்களே அண்ணன்' என்று பெயர். சொந்தப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது; யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

வாரநாட்களில் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனி ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே மைக் கட்டினாலும் அங்கே அறிவிப்பாளர். அந்தத் தொழில் அவர் நாக்கைவிட்டு இறங்கவே இல்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"கல்லாவில் வீற்றிருக்கும் முதலாளி அவர்களே, மாவு வீசிக்கொண்டிருக்கும் மாஸ்டர் அவர்களே, தேத்தண்ணி கலக்கும் அக்கா அவர்களே..."

முதலாளி கையெடுத்துக் கும்பிடுவார். "அண்ணே, ரொட்டியா தோசையா, அத மட்டும் சொல்லுங்கண்ணே. பின்னாடி ஆள் நிக்குது லா!"

ஒருமுறை பல் டாக்டர் இவரிடம் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். பாவம், தெரியாமல் செய்த தவறு. நர்ஸ் வரைக்கும் வரவேற்புரை முடிந்த பிறகுதான் ஊசி போட முடிந்தது.

இவருக்கு ஒரே ஓர் ஆசை. வாழ்நாளில் ஒரு குறும்படம் எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊர்க் கலைச் சங்கம் ஒன்று, இதுவரை படம் எடுக்காத புதியவர்களுக்குக் குறும்படத் தயாரிப்பு மானியம் கொடுத்துவந்தது. மூன்று நடுவர்கள் முன் நின்று ஐந்தே நிமிடத்தில் கதையைச் சொல்ல வேண்டும். ஒருவர் மூன்று முறைதான் முயலலாம். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன் என்பதால் கேமரா, எடிட்டிங், அண்ணனைச் சமாளிப்பது என மூன்று வேலைகளும் என் தலையில் விழுந்தன.

"கதை என்னண்ணே?"

"மேடைலதான் தம்பி சொல்லணும். குசினில அடுப்புகிட்ட நின்னு சொல்லக் கூடாது."

முதல் வருடம் நடுவர்களை, அவர்கள் குடும்பத்தாரை, சங்கத்தின் முன்னாள் தலைவர்களை, ஏர்கானைச் சரிபார்த்தவரை எல்லாம் வரவேற்று, "ஆகவே, என் கதை என்னவென்றால்..." என்றார். மணி அடித்துவிட்டது.

இரண்டாம் வருடம் நான் கண்டிப்பாக இருந்தேன். ஒரே ஒரு வணக்கம், பிறகு நேராகக் கதை. வணக்கம் சொன்னார், வாயைத் திறந்தார், கதவும் திறந்தது. தேத்தண்ணித் தட்டோடு ஒரு மாக்சிக், வயதான மலாய்க்கார அம்மா, உள்ளே வந்தார். தாமதமாக வந்தவரை வரவேற்காமல் எந்த அறிவிப்பாளரால் இருக்க முடியும்? "சற்றுமுன் நம்மிடையே வருகை புரிந்திருக்கும்..." என்று தொடங்கிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் அதையே மலாயிலும் ஒருமுறை. பயந்துபோன மாக்சிக் தட்டோடு அட்டென்ஷனில் நின்றார். மறுபடி மணி.

வீடு திரும்பும் வழியெல்லாம் கத்தினேன். "அலமாக்! தேத்தண்ணி கொண்டாந்தவங்களுக்கு எதுக்குண்ணே வரவேற்பு?"

"அவங்களும் சபையில இருந்தாங்கல்ல தம்பி."

மூன்றாம் வருடம் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் அவர் ஆசைக்கு அத்தோடு பூட்டு. ஒரு வணக்கம்கூடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அண்ணன் சத்தியத்தைக் காப்பாற்றினார். வம்பே அதில்தான் வந்தது. 'அவர்களே' இல்லாமல் அவருக்கு வாயே திறக்கவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன்.

நடுவில் இருந்த அம்மா இரக்கப்பட்டுக் கேட்டார். "ஐயா, இது யாரோட கதை? அத மட்டும் சொல்லுங்க."

"எங்கப்பா கதைங்க." குரல் இறங்கியிருந்தது. "சிகாமட் பக்கம் எஸ்டேட்ல இருந்தோம். எந்த விசேஷம்னாலும் நாற்காலி தூக்கிப் போடுறது அவருதான். முடிஞ்சதும் அடுக்கி வைக்கிறதும் அவருதான். நன்றியுரையில எல்லார் பேரும் வரும். வெத்தல வாங்கியாந்தவர் பேருகூட வரும். அவரு கையில நாற்காலியோட கடைசி வரைக்கும் நின்னு கேப்பாரு. ஒருநாளும் அவரு பேரு வரல. நான் மைக்கப் புடிக்கிறதுக்குள்ள போயிட்டாரு. அதாங்க படம்."

மணிக்காரர் மணியை மறந்துவிட்டார். மூன்று வருடம் அந்த மனிதரைக் கிண்டல் செய்த எனக்கு வெட்கமாக இருந்தது.

மானியம் கிடைத்தது. படப்பிடிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். "கேமராவுக்குப் பின்னால் நிற்கும் தம்பி அவர்களே" என்று தொடங்கி, குடை பிடித்தவர் வரை வந்து, "ஆக்‌ஷன்" என்று அவர் சொல்வதற்குள் அப்பாவாக நடித்தவர் தூக்கிய நாற்காலியைக் கீழே போட்டு அதிலேயே உட்கார்ந்துவிடுவார்.

திரையிடல் முடிந்து அண்ணனைப் பேச அழைத்தார்கள். இனி ஒரு மணி நேரம் ஆகும் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தோம். அவர் மண்டபத்தின் கடைசி வரிசையைப் பார்த்து, இங்கே நாற்காலி போட்டவர் பெயர் என்ன என்று மலாயில் கேட்டார். மண்டபத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தயங்கிக் கை தூக்கி, "ரஹீம்" என்றார்.

"ரஹீம் அவர்களே, வணக்கம்," என்றார் அண்ணன். மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

இப்போது அண்ணன் பண்டார் தெங்காரா என்ற ஊரில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் கடையில் ரொட்டி சானாய் அரை நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடுகிறது. அவர் இல்லாமல் அதைச் சாப்பிடத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.