இபினாபோ என்னும் காற்றுமானி

போர்ட் ஹார்கோர்ட்டில் வீசும் காற்று முழுவதும் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் சுத்தத்தை அளக்கும் கருவி பழுதாகி ஆறு மாதம் ஆகிவிட்டபடியால், ஆறு மாதமாகக் காற்றில் குறையேதும் பதிவாகவில்லை. நான் அங்கே ஸ்டோர் கீப்பர்.

ஒரு திங்கட்கிழமை தையற்காரி இபினாபோ மனுவோடு வந்தாள். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சீருடைகளையும் கொண்டுவந்திருந்தாள். ஓடைக்கரையில் திருட்டுக் கச்சா எண்ணெய் காய்ச்சும் புகை படிந்து அவை கறுத்திருந்தன.

“துணியைத் துவைச்சுக்கலாம் ஐயா. எனக்கு ஆஸ்துமா. இந்தக் கரி உள்ள போனா மூச்சுக்குழாய் சுருங்கிப்போகுது. கேளுங்க, நெஞ்சு விசிலடிக்குது.”

இயக்குநர் டாகோகோ காதைச் சாய்த்துக் கேட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல முகம் மலர்ந்தது.

“அடடா, என்ன துல்லியம்! நம்ம மெஷின்கூட இப்படிக் கத்தினதில்லையே!”

அன்றே ஆணை பிறந்தது: மேற்படி இபினாபோ, மறு உத்தரவு வரும்வரை, தற்காலிகக் காற்றுமானியாகச் செயல்படுவார். பழுதான கருவியின் இடத்தில் உட்கார்ந்தால்தான் மனு நகரும் என்றார்கள். பாவம், உட்கார்ந்தாள். அவள் கையில் எண் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டியது நான்தான். விசில் மெல்ல வந்தால் ‘சுமார்’, தெருவுக்குக் கேட்டால் ‘மோசம்’ என்று பதிவேட்டில் எழுதுவேன்.

மறுநாள் அவள் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினாள். விசில் நின்றது.

“ஏம்மா, அரசாங்கக் கருவியோட அளவைத் திருத்துறியா?” என்று பாய்ந்தார் இயக்குநர்.

“நான் மூச்சு விட வேணாமா ஐயா?”

“ஆபீஸ் முடிஞ்சதும் விடு.”

இன்ஹேலரை ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை வானம் தார்ச்சட்டிபோல இருந்தது. காலையெல்லாம் தெருக்கோடிவரை கேட்ட விசில், பதினோரு மணிக்குச் சட்டென்று அடங்கியது. குழாய் முழுக்க அடைத்துக்கொண்டால் விசிலடிக்கக்கூடக் காற்று மிஞ்சாது என்பது எங்கள் கையேட்டில் இல்லை.

“சத்தமே இல்லையா? காத்து சுத்தமாயிடுச்சுய்யா! ‘மிக நன்று’ன்னு எழுது!”

எழுதினேன். எல்லோரும் கைதட்டினோம். தட்டி முடித்த பிறகுதான் அவள் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். கையெழுத்து வாங்காமல் ஸ்டோரைத் திறந்து இன்ஹேலரை எடுத்தேன், கைத்தாங்கலாக அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மூன்று நாள் கழித்துத்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

“உங்க மெஷின் ராஜினாமா பண்ணிடுச்சுன்னு சொல்லுங்க அண்ணே.”

எனக்கு நோட்டீஸ் வந்தது: ‘மிக நன்று’ காட்டிக்கொண்டிருந்த கருவியை அனுமதியின்றி இடம் பெயர்த்தது ஏன்?

காலியிடத்துக்கு விளம்பரம் செய்தார்கள். வரிசை பாலம்வரை நீண்டது. ஊரே நின்று விசிலடித்தது. புகையை நிறுத்துங்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, முன்னால் நிற்பவனைவிட உரக்க விசிலடிப்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

போன வாரத்திலிருந்து படியேறினால் எனக்கும் லேசாக விசில் வருகிறது. மனுப் போட்டிருக்கிறேன். துறை ஊழியருக்கு முன்னுரிமை உண்டாம்.