சல்லடையாரின் இரும்பு வலை

குட்டி கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

சல்லடையார் அப்போதுதான் இரவு டியூட்டி முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போயிருந்தார். மேனேஜர் ஊருக்குப் போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போன சின்சில்லா கூண்டுக்குள்தான் இருந்தது. எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஏதோ ஒரு பிறவி. சாம்பல் நிறப் பஞ்சுப் பொதிக்குக் காது முளைத்தாற்போல இருக்கும். அதையே உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிய இன்னொன்று தரையில்.

"இங்க கொஞ்சம் வா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "இது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். "குட்டி."

"அது தெரியுது. எப்படி வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? உங்க காவல்ல இருந்தது குட்டி போட்டிருக்கு. அது கம்பி நடுவால நழுவி வந்திருக்கு. இந்தக் கம்பிக்கு நடுவுல என் கையே போகுதே."

அந்த வார்த்தை சல்லடையாருக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலை வாசலில் அவர் நின்றால் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. வேலை முடிந்து போகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சம் மீதியைக் கரண்டியால் கிளறிப் பார்ப்பார். அப்படிக் கிடைத்த பட்டப்பெயர்தான் சல்லடை. பக்கத்து வீட்டு ஸ்டோர் கீப்பரின் டிபன் பாக்ஸ் அடியிலிருந்து ஒரு பித்தளை வால்வைத் தோண்டி எடுத்த நாளிலிருந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இப்போது செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. "இதைப் பத்திரமாத் திருப்பிக் கொடுங்க, அப்புறம் உங்க விஷயத்தைப் பேசுவோம்," என்று சொல்லிவிட்டுப் போன மேனேஜர் இன்று மத்தியானம் வருகிறார். இந்த நேரம் பார்த்து, கைதிக்கு வாரிசு பிறந்து அது தப்பித்தும் போகிறது.

குட்டியைத் தூக்கிக் கம்பி வழியாக உள்ளே விட்டார். அது உள்ளே ஒரு சுற்று நடந்து பார்த்தது. பிறகு, ஷிஃப்ட் முடிந்த ஆளைப்போல நிதானமாக வெளியே வந்து, பக்கத்து வீட்டுத் தடுப்புச்சுவரின் அடியில் தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்து ஓடியது. சல்லடையார் பாய்ந்து பிடித்தார்.

"பாரு, எங்க ஓடுதுன்னு பாரு. ஸ்டோர்காரன் வீட்டுக்கு."

"அதுக்கு என்னங்க தெரியும்?"

"இங்கேருந்து போற சாமான் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகும்."

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக் கொண்டுவருவதற்குள் பால்கனியில் இரண்டு குட்டிகள் இருந்தன.

"ரெட்டைப் பிரசவம்," என்றாள் மனைவி.

சல்லடையார் முதலில் அந்த ஓட்டையில் ஒரு செங்கல்லை வைத்து அடைத்தார். ஆனால் பால்கனிக்கு விளிம்பு இருக்கிறது, தெருவில் பூனை இருக்கிறது. ஆகவே கூண்டைச் சுற்றி அட்டையை நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது பெரிய சின்சில்லா அட்டையில் வாய் வைத்திருந்தது. அது கொறித்துத் திறந்த வாசலில் இரண்டு குட்டிகளும் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன. கயிற்றையும் விட்டுவைக்கவில்லை.

"ஒத்தாசை பண்றவங்க உள்ளேயே இருக்காங்க," என்றார் சல்லடையார் கசப்பாக. எந்தத் தொழிற்சாலையிலும் அதுதான் தலைவலி.

அடுத்து ஒரு கெட்டியான போர்வை. கூண்டைத் தலையிலிருந்து கால்வரை மூடி, நாலு மூலையிலும் தண்ணீர்க் குடங்களை வைத்துப் போர்வையை இழுத்துப் பிடித்தார். சத்தம் அடங்கியது. அவர் ஒரு டீ குடித்தார். இரண்டாவது டீக்கு வாய் திறக்கும்போது மனைவி போர்வையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கு. காது ரெண்டும் ரத்தச் சிவப்பா இருக்கு."

சல்லடையாருக்குக் குடித்த டீ எங்கே போனதென்று தெரியவில்லை. குட்டி போனால் கணக்கு சொல்லிவிடலாம். ஒப்படைத்ததே போய்விட்டால் சூப்பர்வைசர் வேலை இல்லை, வாசல் வேலையே இருக்காது. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், குட்டி ரெண்டும் தப்பிச்சுப் போகுது. தாய் மயங்கிக் கிடக்குது."

"என்ன பண்ணீங்க?"

"போர்வை போர்த்தினேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஏங்க, அது பிறக்கும்போதே கம்பளிக் கோட்டு போட்டுட்டுப் பிறக்குது. அதுக்கு வெயிலே ஆகாது. போர்வையை எடுங்க, குளிர்ந்த தரையில நிழல்ல வைங்க. அரை மணியில எழுந்துக்கலைன்னா தூக்கிட்டு வாங்க."

"குட்டிங்களுக்கு?"

"சின்னக் கண்ணியா இரும்பு வலை வாங்கிச் சுத்திலும் கட்டுங்க. உங்க சுண்டுவிரல் நுனி நுழையக் கூடாது. பிளாஸ்டிக் வலை வேண்டாம், கடிச்சு முழுங்கிடும். கட்டுறதும் கம்பியாலதான். வெட்டின முனையை வெளிப்பக்கமா மடிச்சு விடுங்க, இல்லைன்னா குட்டி மூஞ்சியைக் குத்தும். உசரத்துல இருக்கிற தட்டைக் கழட்டிடுங்க, ஏறி விழுந்து வைக்கும். ஆமா, குட்டிங்க பால் குடிக்குதா?"

"அது அவங்க குடும்ப விஷயம் டாக்டர்," என்று சல்லடையார் போனை வைத்தார்.

சமையலறைத் தரையில் பெரியது மெல்ல எழுந்து உட்கார்ந்து காதைச் சொறிந்தது. சல்லடையார் அதற்கப்புறம்தான் மூச்சு விட்டார். குட்டிகளை ஒரு பக்கெட்டில் போட்டு மனைவி கையில் கொடுத்துவிட்டு, இரும்புக் கடைக்கு ஓடினார்.

வலை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் சுருண்டு வந்து முழங்கையைக் கீறியது. குறடு வழுக்கி விரலைக் கடித்தது. ஆனால் சல்லடையார் விடவில்லை. மேல் தட்டைக் கழற்றினார். கம்பி கம்பியாக முடிச்சுப் போட்டார். முனை முனையாக வெளியே மடித்தார். கதவுக்குத் தனி வலை, கதவின் கீல் இடுக்குக்குத் தனி வலை. கடைசியில் சுண்டுவிரலைக் குத்திப் பார்த்தார். நுழையவில்லை.

குட்டிகளை உள்ளே விட்டார். ஒன்று மூக்கை வைத்து அழுத்தியது. இன்னொன்று தோளைக் கொடுத்து முட்டியது. நாலு பக்கமும் சுற்றிவிட்டு இரண்டும் உட்கார்ந்துவிட்டன. பத்து விரலில் ஆறில் துணி சுற்றியிருந்த சல்லடையார், இடுப்பில் கை வைத்து நின்றார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு பெருமிதமாக எந்த வாசலையும் பூட்டியதில்லை.

மனைவிதான் முகம் சுளித்தாள். "குட்டி கிட்டப் போனா இது எழுந்து அடுத்த மூலைக்குப் போயிடுதுங்க. யாரு பெத்த பிள்ளையோங்கிற மாதிரி பாக்குது."

"முதல் பிரசவம். நீ மட்டும் என்ன, பெரியவனைப் பெத்ததும் நர்ஸ் கையில கொடுத்துட்டுத் தூங்கினவதானே."

"ரெண்டும் அந்தச் சுவரையே பாத்துக் கத்துதே."

"உள்ள போட்டா எல்லாரும் வெளியே பாத்துத்தான் கத்துவாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிகளை நகர்த்துகிற ஓசையும், "அங்க பாரு, அலமாரிக்கு அடியில பாரு" என்ற குரல்களும் கேட்டன. சல்லடையார் திருப்தியாகச் சிரித்தார். "எதையோ ஒளிச்ச இடம் மறந்துபோச்சு போல."

மேனேஜர் டிரைவருடன் வந்தபோது சல்லடையார் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் கூண்டுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"ஒண்ணுதானேய்யா கொடுத்தேன்?"

"கொடுத்தது அப்படியே இருக்கு சார். மேல ரெண்டு கூடியிருக்கு."

மேனேஜர் குனிந்து வலையை நகத்தால் சுரண்டினார். முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். "எனக்கு இதுல ஆண் எது, பெண் எதுன்னுகூடத் தெரியாது, எல்லாம் வீட்டுக்காரியோட செல்லம். ஆனா காவல்னா என்னன்னு தெரியும். நான் யார்கிட்ட சாமான் கொடுத்தாலும் குறைச்சுத்தான் திருப்பிக் கொடுப்பாங்க. மூணு மடங்காத் திருப்பிக் கொடுத்த முதல் ஆளு நீங்கதான். இன்னையிலேருந்து நீங்க சூப்பர்வைசர். களவு, திருட்டு, எந்தப் புகாரா இருந்தாலும் இனி நேரா உங்ககிட்டதான் வரும்."

சல்லடையார் அடித்த சல்யூட்டில் விரல் கட்டு ஒன்று அவிழ்ந்து பறந்தது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"டிரைவர், பக்கத்து வீட்டுல விட்டிருக்கிற இன்னொண்ணையும் போய் எடுத்துட்டு வா," என்றார் மேனேஜர். பிறகு சல்லடையாரிடம், "ரெண்டையும் சேர்த்து விடாதீங்கன்னு வீட்டுக்காரி சொன்னா. அதான் ஆளுக்கொரு வீடாப் பிரிச்சு விட்டேன்."

சல்யூட் அடித்த கை நெற்றியிலேயே நின்றது. சல்லடையார் மனைவியைப் பார்த்தார். மனைவி கூண்டைப் பார்த்தாள். பெரிய சின்சில்லா ஒரு குட்டியை முகர்ந்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல நகர்ந்து உட்கார்ந்தது.

டிரைவர் ஒரு கூண்டைச் சுமந்துகொண்டு வந்தான். பின்னாலேயே ஸ்டோர் கீப்பர். டிரைவர்தான் வாயைத் திறந்தான்.

"சூப்பர்வைசர் அண்ணே, இவங்க வீட்டுல விட்டதுதான் பொண்ணாம், நேத்துக் குட்டி போட்டிருக்கு, ரெண்டையும் காலையில எவனோ களவாண்டுட்டுப் போயிட்டானாம், உங்ககிட்ட புகார் கொடுக்க வந்திருக்காரு."