தள்ளுவண்டிக்கு மோட்டார் வைத்தவர்

நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சரி, அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன். இழுக்காத ரப்பரால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

'நானே பண்ணிடறேன்' என்றொரு மனித இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழாய் சொட்டினால் ஆளைக் கூப்பிட விடமாட்டார். சொட்டு எத்தனை என்று எண்ண ஒரு கருவி செய்வார். அவர் கைபட்ட மின்விசிறி சும்மா நிற்கும், வீடு சுற்றும். இந்த இனத்திலேயே பெரிய உருப்படி எங்கள் தெருவில் மரம் வெட்டுகிற அண்ணன்.

அண்ணன் மேலேறிக் கிளைகளை அறுத்து இறக்குவார். அண்ணி கட்டைகளைத் தோளில் சுமந்து வாசலில் அடுக்குவாள். ஒருநாள் கட்டை எடுக்கக் குனிந்தவள் இடுப்பு பிடித்துக்கொண்டு கட்டை மாதிரியே நின்றுவிட்டாள். அண்ணன் கண் கலங்கிப் போனார்.

"இனிமே நீ ஒரு குச்சிகூடத் தூக்கக் கூடாது. மோட்டார் வச்சு ஒரு வண்டி செய்யறேன்."

"எதுக்குங்க? கூட ஒரு ஆளைப் போட்டுக்கலாமே."

"ஆளா? நானே பண்ணிடறேன். ரெண்டே நாள்."

அந்த ரெண்டே நாள் எட்டு மாதம் நடந்தது. பழைய மாவரைக்கும் இயந்திரத்தின் மோட்டார், யாரோ தூக்கிப்போட்ட பேட்டரி, கட்டிலின் இரும்புக் கால்கள் (கட்டில் இப்போது செங்கல் மேல் நிற்கிறது), புல் நசுங்காமல் இருக்கப் பாதிக் காற்றோடு விட்ட குண்டு டயர்கள் என்று அவர் சேர்க்காத சாமான் இல்லை. எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "ஒரே ஒரு போல்ட்டுதான் பாக்கி." அதுவரை கட்டையை யார் சுமந்தது? வேறு யார், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு அண்ணிதான்.

கடைசியில் வண்டி முடிந்த நாளும் பெரிய வேலை வந்த நாளும் ஒன்றாக அமைந்தன. ரிட்டயரான டீச்சரம்மா வீடு. அவர் தன் புல்வெளிக்குச் சீப்பால் தலைவாரிவிடுவார் என்று கேள்வி.

"அஞ்சு மணிக்குள்ள கட்டையெல்லாம் கேட்டுக்கு வெளிய போயிடணும். புல்லுல ஒரு தடம் விழக் கூடாது. சரியா செஞ்சா மிச்சம் பன்னெண்டு மரமும் உங்களுக்குத்தான்."

மரத்தை அறுத்துப் போட்டதும் அண்ணன் வண்டி எடுக்க வீட்டுக்கு ஓடினார். ஒரே ஒரு போல்ட் பாக்கி. நாலரைக்கு அவர் வண்டியோடு வந்தபோது, இருபது கட்டைகளையும் புல்லில் போட்ட பலகை மேல் நடந்து நடந்து கேட்டுக்கு வெளியே வாசலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"லோடு இல்லாம எப்படி டெஸ்ட் பண்றது?" என்றார் அண்ணன்.

லோடுதான் வாசலில் இருக்கிறதே! அள்ளி ஏற்றினார். சுவிட்சைப் போட்டார். வண்டி பூனைக்குட்டி மாதிரி, சத்தமில்லாமல், ஒரு புல்லைக்கூட நசுக்காமல் அழகாகப் போயிற்று. எங்கே? நேராக வெட்டிய மரத்தடிக்கு. போய் நின்றதும் பேட்டரி செத்தது.

"பாத்தியா, ஒரு தடம் இல்ல."

"பாத்தேங்க. கட்டை எங்கேருந்து எங்க போச்சுன்னும் பாத்தேன்."

டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி எழுந்தாள். தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அண்ணன் இடுப்பில் கட்டி, கடைசி ஓட்டைவரை இறுக்கினாள்.

"நீங்க தூக்குங்க. நான் எண்ணறேன்."

மூன்றாவது கட்டையில், "இங்க சுருக்குனு இழுக்குதே," என்றார்.

"அப்படித்தாங்க இழுக்கும். நாலு."

அஞ்சு அடிக்க அரை நிமிஷம் இருக்கும்போது இருபதாவது கட்டை கேட்டைத் தாண்டியது. பன்னெண்டு மரமும் கிடைத்தது. மறுநாளே ஒரு ஆளும் வேலைக்குச் சேர்ந்தார். ஆள் தேடிப் போனவர் அண்ணன்தான், சாய்ந்து சாய்ந்து நடந்து.

இதை ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிற கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிக்கவிட்டால்தானே?

"பேட்டரி சின்னது, அதான்," என்றார் பக்கத்துக் கடை வெல்டர்.

"பேட்டரி இல்லய்யா. கியர் வைக்கல," என்றார் சாணைக்காரர்.

"உனக்குக் கியரைப் பத்தி என்ன தெரியும்?"

"நாலு சக்கரமே தப்பு. மூணு போதும்," என்றார், கத்தரிக்குச் சாணை பிடிக்க வந்த தையல்காரர்.

"அந்தம்மா இடுப்பு இப்ப தேவலையா?" என்று சாணைக்காரர் மனைவி கேட்டது யார் காதிலும் விழவில்லை. அதற்குள் வெல்டர் கையில் சாணைக்காரரின் காலர் இருந்தது.

உங்களைச் சொல்லவில்லை, வாசகரே. நீங்கள் அந்த இனமே கிடையாது. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இப்போது உங்கள் மனசுக்குள் ஓடுவது அண்ணியின் இடுப்பா, சக்கரம் மூணா நாலா என்பதா?