சக்கரத்தடியில் ஒரு சாமி

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹட்டனில் படக்கொட்டகைக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேராது. பஜாருக்கு மேலே, ஏற்றத்தில் இருக்கிற தகரக் கொட்டகை முன்னால்தான் சேரும். கந்தப்பளையிலிருந்து வருவார்கள். உடப்புசல்லாவையிலிருந்து பஸ் மாறி வருவார்கள். நோய் தீரவா? பிள்ளை வரம் கேட்கவா? அதெல்லாம் பழைய காலத்துச் சாமிகளின் வேலை. இது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு! ரோதைச் சாமி பழைய வண்டிகளுக்குக் குறி சொல்கிறார்.

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தைக் காப்பதற்கென்று ரோதமுனி என்றொரு தெய்வம் இருப்பது மலைநாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த முனி ஒருநாள் தொழிற்சாலையை விட்டு இறங்கிவந்து மாயாண்டி என்பவரின் உடம்பில் குடியேறிவிட்டதாம். ஏன் வந்தது? அங்கே சம்பளம் கட்டுப்படியாகவில்லையோ என்னவோ! ரோதை என்றால் சக்கரம்; அன்று முதல் மாயாண்டி, ரோதைச் சாமி ஆனார்.

விற்பனைக்கு வரும் வேனோ லொறியோ, அவர் முன்னால் நிறுத்தினால் போதும். எஞ்சின் மூடிமேல் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார். கொஞ்ச நேரத்தில் பழம் சூடேறும். அந்தக் குளிரில் பழம் சூடாவதென்றால் சும்மாவா? "முனி எறங்கிட்டான்!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காலையிலிருந்து ஓடிவந்த எஞ்சின்மேல் வாழைப்பழத்தை வைத்தாலும் முனி இறங்கத்தான் செய்வான். அதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

அடுத்தது கல். மலைநாட்டில் சமதரைக்கு எங்கே போவது? வண்டி நிற்பது சரிவில். முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கருங்கல்லை வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பூவும் போட்டிருப்பார். ரோதமுனிக் கல்! பணம் கைமாறுகிறவரை அதை யாரும் தொடக்கூடாது. கைமாறிய பிறகு கல்லும் சாமியின் கவலையில்லை, வண்டியும் சாமியின் கவலையில்லை.

கடைசியாக ஹோமம். வண்டியின் பழைய பரிசோதனைக் காகிதங்களைத் தரகர் கணேசமூர்த்தி தாம்பாளத்தில் வைத்து நீட்டுவார். எந்த வருஷம் எந்தப் பரிசோதகர் பார்த்தார், பிரேக் பிடித்ததா, சக்கரம் ஆடியதா, எல்லாம் அதில் இருக்கும். சாமி அதை அப்படியே கற்பூரத்தில் போட்டு எரித்துவிடுவார்.

"இது வண்டியோட பூர்வ ஜென்மம். பாவமெல்லாம் சாம்பலாப் போகட்டும்!"

அந்தச் சாம்பலை வாங்குகிறவர் நெற்றியில் பூசிவிடுவார். வண்டியின் வரலாறு முழுவதையும் நெற்றியில் வாங்கிக்கொண்டு மனிதர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

கந்தப்பளை சோலைமலை அப்படி வாங்கிய லொறி, ஒரு வாரம்கூட ஓடாமல் லீக்ஸ் பாத்திக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. சாமியிடம் ஓடிவந்தார்.

"வண்டி வாங்கின அன்னைக்குக் கோழி தின்னியா?" என்று கேட்டார் சாமி.

"தின்னேங்க சாமி."

"அதான்!"

சோலைமலைக்குப் பூரணத் திருப்தி. அன்றிலிருந்து கோழியை விட்டார், சாமியை விடவில்லை. ஞாயிறு தவறாமல் மாலையோடு முன்வரிசையில் நிற்பார்.

இந்தக் கொட்டகைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயில்வாகனம் வந்தார். அக்கரப்பத்தனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஒரு டீசல் வேன் வாங்கி, காலையில் தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவது, திரும்பும்போது சாமான் ஏற்றிவருவது என்று அவருக்கு ஆசை. தரகர் காட்டிய நீல வேன் புது வர்ணத்தில் பளபளத்தது. ஆசை அவருடையது. அதற்காக அடகுக் கடைக்குப் போகக் காத்திருந்த வளையலும் அட்டியலும் அவர் மனைவி பூரணியுடையவை. அந்த மலைப்பாதையில் வேனை ஓட்டப்போகிற உயிரும் அவளுக்கு வேண்டிய உயிர்தான். அதனால் அவளும் கூடவே வந்திருந்தாள்.

"ஏங்க, இந்த வேன் போன வருசம் பரிசோதனையில பாஸாச்சா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"சாமியே பாக்கப் போறாரு. பெறகு என்னா பரிசோதனை?"

"பசுமாடு வாங்குனப்ப எத்தன ஈத்துன்னு கேட்டீங்க. யாருகிட்ட இருந்துச்சு, ஒதைக்குமான்னு கேட்டீங்க. அது ஒங்களயும் ஊராமுட்டுப் புள்ளைங்களயும் ஏத்திக்கிட்டு மலை எறங்கப்போற மாடுகூட இல்ல."

தரகர் குறுக்கே வந்தார். "மாட்டுக்குப் பாவம் இல்லீங்கம்மா. வண்டிக்கு இருக்கு."

"அப்ப அந்தக் காயிதத்தக் குடுங்க. படிச்சிட்டுத் தர்றேன், பெறகு எரிச்சுக்குங்க."

சாமி உறுமினார். "பூர்வ ஜென்மத்தப் படிக்கவா போற? கண்ணு அவிஞ்சிரும்!"

சொல்லி முடிப்பதற்குள் காகிதம் எரிந்து முடிந்தது. அவ்வளவு அவசரமான பாவம் போலும். "எல்லாரும் குனிஞ்சு கும்புடுங்க!" என்றார். கூட்டம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கல்லை நோக்கிக் குனிந்தது.

பூரணியும் குனிந்தாள். ஆனால் கண்ணை மூடவில்லை.

சக்கரம் தன் பாரத்தையெல்லாம் அந்தக் கல்லின்மேல் போட்டுச் சாய்ந்திருந்தது. குங்குமம் நசுங்கி டயரில் அப்பியிருந்தது. கல்லே மண்ணை உழுதுகொண்டு கொஞ்சம் கீழே நகர்ந்திருந்த தடம் தெரிந்தது. இந்தக் கல்சாமி வேனைக் காக்கவில்லை, வேனுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் அப்படியொரு பக்தி!

"சாமி, ஒரு வேண்டுதலுங்க. எங்க கை படுறதுக்கு முந்தி நீங்களே இந்த வேன்ல ஒக்காந்து மொத ஓட்டம் போகணும்."

"நானா?" என்றார் சாமி.

கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை நாள் நமக்குத் தோன்றவில்லையே என்று உருகினார்கள். சோலைமலை மாலையைப் போட்டு, சாமியை அலாக்காகத் தூக்கி டிரைவர் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதேய்யா!"

"முனிக்கு யாருங்க சாமி ஓட்டக் கத்துக் குடுக்கணும்? ரோதையே நீங்கதானுங்களே!" சோலைமலையின் கண்ணில் நீர் ததும்பியது.

பூரணி கல்லருகே போய் உட்கார்ந்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்தாள். கீழே பாதை வளைந்தது. வளைவுக்கு அப்பால் பள்ளம்.

"உள்ளதான் சாமி இருக்காரே, வெளிய கல்லு எதுக்கு? எடுத்துர்றேங்க."

"தொடாத! முனி கோவிச்சுக்குவான்!"

"முனி நீங்கதானே சாமி. கோவிச்சுக்காதீங்க."

சாமி கதவைத் திறக்கப் பார்த்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"ஐயோ தாயி, எடுத்துராத! பிரேக்கு புடிக்காது! கண்டியில பரிசோதகரு ரெண்டு தரம் ஆகாதுன்னு திருப்பி அனுப்புன வண்டி தாயி! கணேசமூர்த்திதான் காயிதத்த எரிக்கச் சொன்னான்! எனக்குக் கால் பங்குதான் தாயி!"

பூர்வ ஜென்ம ஞாபகம் வருவது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுதான் அது. எரித்த காகிதம் சாம்பலிலிருந்து எழுந்து, சாமியின் வாயாலேயே பேசிவிட்டது.

எல்லாரும் தரகரைத் தேடினார்கள். அவர் அந்த நேரம் ரயில் நிலையத்தை நோக்கி, எந்தப் பிரேக்கும் இல்லாமல், போய்க்கொண்டிருந்தார். சாமி ஜன்னல் வழியாக வெளியே விழுந்தார். மாலை மட்டும் வேனிலேயே தங்கிவிட்டது.

சோலைமலை பூரணியிடம் வந்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்ப, நான் தின்ன கோழி?"

"கோழி மேல ஒரு குத்தமும் இல்லீங்கண்ணே," என்றாள் பூரணி.

மயில்வாகனம் பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கே புள்ளைங்கள ஏத்துறதாச் சொல்லியிருந்தேனே பூரணி," என்றார். பூரணி கல்லிலிருந்து கையை எடுத்தாள். கல்லை அவள் அசைக்கவே இல்லை. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுவாரம் இருவரும் கண்டிக்குப் போய்ப் பரிசோதகர் அலுவலகமான கந்தோரில் கேட்டுக் கேட்டு, வருஷம் தவறாமல் பாஸான ஒரு வேனை வாங்கினார்கள். வர்ணம் உரிந்த அவலட்சணம்தான். ஆனால் நில் என்றால் நிற்கிறது. பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நீல வேனைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். சாமியும் போய்விட்டார். கல் மட்டும் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், யாரோ அதற்குப் புதிதாக மஞ்சள் பூசி, கற்பூரம் ஏற்றி வைத்திருக்கிறார்கள்!

கும்பிடுகிற புண்ணியவான்களே, குனிவதுதான் குனிகிறீர்கள். கண்ணைத் திறந்து சக்கரத்தடியையும் ஒருதரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், எந்த முனி வந்து கோபித்துக்கொள்ளப் போகிறான்?