பிரின்சிபால் கோட்டுப் பாக்கெட்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் ஊர் மண்ணரையில் அப்பா நடத்தும் பனியன் கம்பெனியில் லீவு விட்டாலே பிசிறு வெட்டி வளர்ந்தவள் நான். எங்கே நூல் தொங்கினாலும் கை தானாகப் போய்விடும். (பஸ்ஸில் முன்சீட்டு அக்காவின் ஜாக்கெட்டைத் தொட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.)

பி.பார்ம் படிக்க இரண்டு தனியார் கல்லூரிகளை யோசித்தோம். ஒன்று சுண்ணாம்பு உதிரும் கட்டடம், குறைந்த ஃபீஸ். இன்னொன்று கண்ணாடி மாளிகை, ஃபீஸைக் கேட்டாலே தலை சுற்றும். மாளிகைதான் வேண்டுமென்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"ரெண்டு ஓவர்லாக் மெஷினை வித்துத்தான் கட்டோணும். வெலைக்குத் தகுந்த சரக்கான்னு நீயே பாத்துச் சொல்லு கண்ணு. தப்பாப் போச்சுன்னா மெஷினும் போச்சு, படிப்பும் போச்சு" என்றார் அப்பா. என் கை அவர் சட்டை ஓரத்தில் நூல் தேட ஆரம்பித்தது.

மாளிகையில் வெள்ளைக் கோட்டு போட்ட பிரின்சிபால் லேபைச் சுற்றிக் காட்டினார். எல்லாம் பளபளவென்றிருந்தது. யார் பாடம் எடுப்பார்கள், எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று கேட்கத்தான் போயிருந்தேன். பயத்தில் கேள்வியெல்லாம் மறந்துபோனது.

"அட்வான்ஸ் இன்னிக்கே போட்டுரலாமா?" என்றார் அவர். அப்பாவின் கை பைக்குள் போனது. ஐயோ, தடுப்பதா விடுவதா? அப்போதுதான் பிரின்சிபாலின் பாக்கெட் ஓரத்தில் அந்தப் பிசிறைப் பார்த்தேன். என் கை போயே விட்டது.

பாழாய்ப்போன செயின் தையல். சர்ரென்று உருவிக்கொண்டு வந்தது. பாக்கெட் தொங்கி, பேனாக்கள் தரையில் உருண்டன.

"என்னம்மா பண்றே! வாடகைக் கோட்டு இது! சாயந்தரம் திருப்பிக் குடுக்கணும்!" என்று அலறினார்.

நான் அப்படியே செத்துப்போனேன். (செத்தும் விரலில் நூலைச் சுருட்டிக்கொண்டுதான் இருந்தேன்.)

சரக்கு வாங்கும் பையர்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் பக்கத்துக் கம்பெனியின் தீயணைப்பு சிலிண்டரை இரவல் வாங்கி மாட்டுபவர் என் அப்பா. இரவல் வித்தை அவருக்கா தெரியாது! மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க சார், இந்த மெஷினெல்லாங்கூட சாயந்தரம் போயிருமுங்களா?"

பிரின்சிபால் குனிந்து பேனா பொறுக்கினார்.

மறுவாரம் சுண்ணாம்புக் கட்டடத்தில் சேர்ந்தேன். அங்கே லேப் மேடத்தின் கோட்டில் ஆசிட் ஓட்டைகள். "இது வேலை செஞ்ச கோட்டு" என்று அப்பா உடனே பணம் கட்டிவிட்டார்.

படிப்பு முடிந்து இப்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நிற்கிறேன். அப்பா பிரஷர் மாத்திரைக்கு வந்தால், முதலில் என் கோட்டு ஓரத்தை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறார். "சொந்தக் கோட்டுத்தானுங்க, நம்பி வாங்கலாம்" என்று வரிசைக்கே அறிவிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.